சிவசமுத்திரத்தின் ஒற்றை வாடிக்கையாளர்

ஜவ்வாது மலையில் சொல்லிக்கொள்ளும்படியான நீர்மின் நிலையம் இல்லை. செய்யாறும் நாகநதியும் பிறக்கும் மலைதான். ஆனால் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் உள்ள பீமன் அருவியைக் கோடையில் போய்ப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் இரைச்சலோடு தண்ணீர் விழுகிற இடத்தில் அப்போது பாறைதான் இருக்கும். மலைக்குத் தெற்கே தென்பெண்ணையில் சாத்தனூர் அணையை ஒட்டி 7.5 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் இந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் ஒரு பெரிய நீர்மின் திட்டத்துக்கும் நூறாண்டைத் தாண்டிய உறவு உண்டு. பழைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து, பெரும்பாலும் தலித் குடும்பங்களாக, ஆயிரக்கணக்கானோர் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். அவர்கள் இறங்கிய சுரங்கத்தின் எந்திரங்களை ஓட்டியது காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம். ஒரே ஒரு பெரிய தொழிற்சாலையை நம்பி நீர்மின்சாரத்தில் பணம் போடலாமா என்று இன்று யாராவது கேட்டால், அதற்கான விடை நம் ஊர்க்காரர்களின் வாழ்க்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

திட்டத்தை முன்னெடுத்தவர் மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர். பொறியாளர் லாட்பினியர் வெளிநாடுகளுக்குப் போய் எந்திரங்களைத் தேர்ந்தெடுத்தார்: மின்கருவிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக், டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ். மத்தூர் ரயில் நிலையத்திலிருந்து அருவி வரைக்கும் அவற்றை மாட்டு வண்டியும் யானையும் இழுத்தன. 1902 ஜூன் 30 அன்று சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு உலகின் மிக நீண்ட மின்தொடர்களில் அதுவும் ஒன்று. பெங்களூரில் தெருவிளக்கு எரிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அதாவது, ஊர் உலகத்துக்கு விளக்கு போடுவதற்காகப் போட்ட முதல் அல்ல இது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த சுரங்கங்களுக்காகப் போட்ட முதல்.

முதலீட்டாளரின் கண்ணால் பார்த்தால் இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பது கடினம். சுரங்கத்தில் இரவு பகல் கிடையாது. ஆழத்தில் ஊறும் நீரை இறைத்தபடியே இருக்க வேண்டும். கீழே காற்றை அனுப்ப வேண்டும். கல்லை இடிக்கும் எந்திரம் நிற்கவே கூடாது. வீடுகளுக்கு விற்கும் மின்சாரம் மாலையில் ஏறி நள்ளிரவில் விழும். சுரங்கத்தின் தேவையோ ஒரே மட்டத்தில் நிற்கும். ஓடும் ஆற்றிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க வழியில்லாத காலத்தில், நள்ளிரவிலும் வாங்க ஆள் இருப்பது பெரும் வரம். விலையும் இத்தனை குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசப்பட்டது. முதல் போடும்போதே வருமானம் தெரிந்துவிட்டது. புதிய தொழில்நுட்பத்தில் ஒரு சமஸ்தானம் துணிந்து இறங்கியதற்கு இந்த ஒப்பந்தமே தெம்பு. ஒற்றை வாடிக்கையாளர் என்றாலே ஆபத்து என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அந்த வாடிக்கையாளர் இல்லையென்றால் 1902இல் சிவசமுத்திரமே இல்லை.

குறை வேறு இடத்தில் ஆரம்பித்தது. காவிரிக்குக் கோடை உண்டு, சுரங்கத்துக்குக் கோடை இல்லை. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் மின்சாரமும் குறைந்தது. சுரங்கங்கள் இன்னும் வேண்டும் என்றன, நிலையம் படிப்படியாக விரிவாக்கப்பட்டது, நீரோ அதே நீர்தான். கண்ணம்பாடியில் அணை கட்டி ஆண்டு முழுக்கச் சீராக நீர் விட வேண்டும் என்ற யோசனைக்குப் பாசனத்தோடு இந்தத் தேவையும் முக்கியக் காரணம். சென்னை மாகாணம் எதிர்த்தது. தஞ்சைக் கழனிக்கு வரவேண்டிய நீர் மேலே தேங்கிவிடும் என்ற அச்சம். 1914இல் கிரிஃபின் நடுவர் தீர்ப்பு வந்தது, அதன் மேல் முறையீடு, இழுபறி, கடைசியில் 1924 பிப்ரவரி 18 ஒப்பந்தம். காவிரிச் சிக்கலுக்குத் தங்கவயல் மட்டும் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் சுரங்கத்துக்கான மின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இருவருக்கு வெளியே, மூன்றாவதாக ஒரு டெல்டா அந்த ஒப்பந்தத்தின் பாரத்தைச் சுமந்தது என்பது உண்மை. எந்த ஆண்டறிக்கையிலும் இந்தச் செலவு வராது.

இன்னொரு குறை கணக்கோடு சம்பந்தப்பட்டது. மைசூர் அரசு தங்கத்துக்கு உரிமைத்தொகையும் வாங்கிக்கொண்டிருந்தது. மின்சாரக் காசும் உரிமைத்தொகையும் ஒரே பாறையிலிருந்து வந்தன. பாறையில் தங்கம் மெலிந்தால் இரண்டும் சேர்ந்தே மெலியும். ஜவ்வாது மலையில் சாமையையும் புளியையும் ஒரே வியாபாரிக்கு விற்று, அவரிடமே கடனும் வாங்கியிருக்கும் குடும்பத்தின் நிலை இதுதான். விலை விழும் ஆண்டில் கடன்காரரும் அவர்தான். இன்றைய பங்குச்சந்தையிலும் இந்தக் கண்ணியைத் தேடிப் பார்க்க வேண்டும். நீர்மின் நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளரே அதன் பங்குதாரராகவும் கடன் கொடுத்தவராகவும் இருந்தால், மூன்று கயிறும் ஒரே முளையில் கட்டப்பட்டிருக்கின்றன.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் மூடப்பட்டது. வாடிக்கையாளர் போய்விட்டார், சிவசமுத்திரம் நிற்கவில்லை. இன்றும் அது 42 மெகாவாட் நிலையம். அதைக் காப்பாற்றியது 1905இலேயே பெங்களூருக்குப் போட்ட கம்பியும் பிறகு வளர்ந்த மாநில மின்கட்டமைப்பும். பெரிய வாடிக்கையாளர் உச்சத்தில் இருந்தபோதே இரண்டாவது வழி திறக்கப்பட்டுவிட்டது. முதலீட்டை மதிப்பிட எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான அளவுகோல் இதுதான்: அந்த ஆலை மூடும் நாளில் மின்சாரம் எந்தக் கம்பி வழியே, யாரிடம் போகும்?

நியூசிலாந்தில் இந்தக் கேள்வி அண்மையில் பட்டவர்த்தனமாக எழுந்தது. மனபூரி நீர்மின் நிலையம் டிவாய் பாயிண்ட் அலுமினிய ஆலைக்காகவே கட்டப்பட்டது. நாட்டின் மொத்த மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் அதிகம் அந்த ஒரே ஆலைக்குப் போனது. 2020 ஜூலையில் ஆலையை மூடப்போவதாக ஆலைக்காரரான ரியோ டின்டோ அறிவித்ததும், மின்சாரம் விற்கும் மெரிடியன் நிறுவனத்தின் பங்குகள் சரிந்தன. தெற்கே தேங்கும் மின்சாரத்தை வடக்கே கொண்டுபோகக் கம்பியின் கொள்ளளவு போதாது என்பதுதான் எல்லாருடைய கவலையும். அந்தக் கவலையே ஆலைக்காரருக்குப் பேரம் பேசும் பலம் ஆனது. மூடும் தேதி தள்ளிப்போடப்பட்டு, 2024இல் 20 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை போகவில்லை, போய்விடுவேன் என்று சொன்னதே விலையைத் தீர்மானித்தது.

நம் நாட்டில் ரிஹந்த் அணையும் ஹிண்டால்கோ அலுமினிய ஆலையும் எதிர்ப்பக்கத்தைக் காட்டுகின்றன. யூனிட் 2 பைசாவுக்கும் சற்றுக் குறைவாக, 25 ஆண்டுகளுக்கு என்று பேசப்பட்ட மின்சாரம் அது. விலைவாசி ஏற ஏற, அந்த ஒப்பந்தம் விற்றவருக்குச் சுமையானது; மாநிலத்தில் பற்றாக்குறை வந்தபோது ஆலைக்குப் போகும் மின்சாரம் வெட்டப்பட்டது. ஆலைக்காரரோ ரேணுசாகரில் சொந்தமாக அனல்மின் நிலையம் கட்டிக்கொண்டார். நீண்டகால ஒப்பந்தம் என்பது எழுதிய காலத்தின் விலையைப் பூட்டி வைக்கும். பூட்டில் யார் மாட்டிக்கொள்வார் என்பது பிறகுதான் தெரியும்.

தங்கவயலுக்குத் திரும்பியாக வேண்டும், ஏனென்றால் மின்சாரத்துக்குக் கிடைத்த வழி அங்கிருந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், மாரிகுப்பத்தில் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். ஊருக்குள் சயனைடு மண் மேடுகள் அப்படியே கிடக்கின்றன. திருப்பத்தூர், ஆம்பூர் பக்கத்துப் பூர்விகக் கிராமங்களில் பலருக்கு நிலமோ வீடோ இல்லை. வாடிக்கையாளர் போகும்போது நிலையத்துக்கு ஏற்பட்டது வருமான இழப்பு. தொழிலாளிக்குப் போனது ஊரே.

இன்று ஒருவர் பணம் போடுவதற்கு முன் பார்க்கச் சில கதவுகள் திறந்துள்ளன. மொத்த வருவாயில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் தரும் வாடிக்கையாளர் இருந்தால், பட்டியலிடப்பட்ட நிறுவனம் அதைக் கணக்கறிக்கையின் குறிப்புகளில் சொல்லியாக வேண்டும்; பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, தொகை இருக்கும். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி சொந்தப் பயன்பாட்டு நிலையம் என்ற தகுதி பெற, பயன்படுத்துவோர் குறைந்தது 26 சதவீத உரிமை வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதமாவது தாங்களே பயன்படுத்த வேண்டும். வாங்குபவரும் முதல் போட்டிருப்பதால் திடீரென்று கைகழுவிப் போவது கடினம். அந்த வகையில் இதை நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆனால் வாங்குபவரே உரிமையாளரானால் மின்விலையைக் கீழே தள்ளும் ஆசையும் அவருக்கே இருக்கும். சிறு பங்குதாரரின் லாபம் அங்கேதான் கரைகிறது.

எனவே ஒப்பந்தத்தைக் கையில் வாங்கினால் விலைப் பக்கத்தைக் கடைசியில் படிப்பேன். முதலில் மின்கம்பியின் வரைபடம். அடுத்து, ஆலை மூடினால் மீதி ஆண்டுகளுக்கு யார் பணம் தருவது, ஆற்றில் கீழே இருப்பவருக்கு எவ்வளவு நீர் விடுவது, வேலை இழப்பவருக்கான தொகை எந்த நிதியில் கட்டப்படுகிறது என்று எழுதியிருக்கும் பக்கம். அந்தப் பக்கம் இல்லாத நிறுவனத்தில், எத்தனை சதவீதம் ஈவுத்தொகை கொடுத்தாலும் நான் பணம் போட மாட்டேன்.