துண்டு வெட்டும் நேரம்

யாழ்ப்பாணத்தில் அரச வைத்தியசாலை ஒன்றில் காலை வாட் ரவுண்ட் முடிந்து "இண்டைக்குத் துண்டு வெட்டலாம்", அதாவது வீட்டுக்கு அனுப்பலாம், என்று வைத்தியர் சொல்லிவிட்டால் மிச்சம் எழுத்து வேலைதான். இளம் வைத்தியர் ஒருவர் வாட்டில் எழுதிவந்த சிகிச்சைக் குறிப்பேடான பெட் ஹெட் டிக்கெட்டைப் புரட்டி டயக்னோசிஸ் கார்ட்டை நிரப்புவார். என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன மருந்து, அடுத்த கிளினிக் எப்போது என்பவை அதில் இருக்கும். டிக்கெட் வைத்தியசாலையிலேயே தங்கிவிடும், கார்ட் நோயாளியோடு வீட்டுக்குப் போகும். கட்டணம் இல்லாததால் அந்தக் கார்ட்டை நோயாளிக்கு அடுத்ததாகக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் இன்னொரு வைத்தியர்தான்.

சென்னைத் தனியார் மருத்துவமனையில் "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் காத்திருப்பே தொடங்குகிறது. மிச்ச மருந்தை பார்மசிக்குத் திருப்ப வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாக வேண்டும், இறுதி பில் தயாராக வேண்டும். எல்லாம் சேர்ந்து மருத்துவமனையின் காப்பீட்டு மேசை வழியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனால் அங்கிருந்து கேள்வி வரும். சர்க்கரை நோய் எத்தனை வருடமாக? நான்கு நாள் படுக்கை ஏன்? பாலிசி எடுக்கும் முன்பே நோய் இருந்ததா என்று தேடுகிற கேள்விகள் இவை. இதை அறிந்த மருத்துவர் நோய் வரலாற்றை எழுதும்போதே காப்பீட்டுக்காரரை நினைத்துக்கொள்கிறார். சம்மரி முழுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த முழுமை நோயாளிக்காக வந்ததல்ல.

2024 மே மாதம் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கெடு வைத்தது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் நிறுவனம் இறுதி அனுமதி தர வேண்டும். தாமதத்தால் கூடும் கட்டணம் நிறுவனத்தின் தலையில் விழும். நல்ல விதிதான். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய பிறகு. அதற்கு முன் கரையும் அரை நாளை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

தமிழக அரசு மருத்துவமனைதான் இதில் விசித்திரம். நோயாளி பணம் கட்டுவதில்லை, ஆனாலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனை தன் செலவைக் கோருகிறது. அதனால் இலவச சிகிச்சைக்கும் குடும்ப அட்டை, பரிசோதனை அறிக்கைகள், அறுவைக் குறிப்பு, இதயத்தில் வைத்த ஸ்டென்ட்டின் ஸ்டிக்கர் என்று ஒரு கோப்பு சேர்கிறது. எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் என்ன ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதற்கு ஒரு சான்று மிஞ்சுகிறது. இலங்கைக் கார்ட்டில் இதுவெல்லாம் வைத்தியரின் அவசரத்தையும் கையெழுத்தையும் பொறுத்தது.

இலங்கையிலும் பணம் உள்ளே வரும் இடங்கள் உண்டு. தனியார் வைத்தியசாலைக்குப் போனவர்களும் அரச ஊழியர்களின் அக்ரஹார காப்புறுதிக்கு விண்ணப்பிப்பவர்களும் அதே டயக்னோசிஸ் கார்ட்டைத்தான் நீட்டுகிறார்கள். வாசிக்க முடியாத ஒரு வரிக்காகத் திரும்பவும் வாட்டுக்கு அலைய நேர்வது அப்போதுதான். இரண்டு நாட்டுத் தாளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இந்தியத் தாளை இலங்கை வேகத்தில் தாருங்கள் என்பேன்.

இலங்கையிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னை, மதுரை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சம்மரியிலும் பில்லிலும் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பெழுத்து எது, தகப்பன் பெயர் எது என்பதில் குழம்பி விடுவார்கள். மொத்தத் தொகை மட்டும் உள்ள பில்லோடு புறப்படாதீர்கள், செலவு விவரத்தோடு முத்திரையும் கேளுங்கள். ஊர் திரும்பிய பின் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். மருத்துவத் தாள் ஏதும் விடுபட்டுப்போனால் எழுத்தில் கேளுங்கள்: நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 ஆம் ஆண்டு விதி.