வடிவியல் கலைச்சொற்கள்: ஒரு மதிப்பீடு

தில்லியில் 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம், இந்திய மொழிகளிடையே இயன்றவரை ஒருமை காணும் நோக்குடன், வடமொழி வேர்களினின்று கலைச்சொற்களை ஆக்கும் நெறியை வகுத்தது. தமிழ் அந்நெறியினின்று பெரிதும் விலகித் தன் வேர்களைக் கொண்டே சொல்லாக்கம் செய்து வந்துள்ளது. ஆயினும், தமிழ் வேரிற் பிறந்தமை ஒன்றே கலைச்சொல்லுக்குரிய தகுதியாகிவிடாது. சொல் தன் கருத்தைப் பிழையின்றிச் சுட்டுகின்றதா, தன் இனச்சொற்களோடு முரணின்றி நிற்கின்றதா என்பனவும் நோக்கத்தக்கன. இவ்விரு அளவைகளையும் கொண்டு அடிப்படை வடிவியற் சொற்கள் சிலவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவதாக, உருவங்களின் பெயர்கள். இந்தியில் ‘த்ரிபுஜ்’, ‘சதுர்புஜ்’, ‘பஞ்சபுஜ்’ என யாவும் பக்கத்தை அடியாகக் கொண்டு ஒருசீராக அமைந்துள்ளன. தமிழக வழக்கிலோ முக்கோணம் கோணத்தாலும், நாற்கரம் பக்கத்தாலும், ஐங்கோணம் மீண்டும் கோணத்தாலும் பெயர் பெறுகின்றன. ஆங்கிலப் பெயர்களிலும் இதே வரிசையில் இம்மாற்றம் காணப்படுவதால், இது மூலமொழியின் சீரின்மை நம் சொற்றொகுதியிலும் படிந்தமையைக் காட்டுகிறது எனலாம். மேலும், ‘கோணம்’ என்னும் ஒரே ஈறு அளவையும் உருவத்தையும் சுட்ட நேர்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முக்கோணி, ஐங்கோணி, பல்கோணி என இகர ஈறு சேர்த்து இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்துள்ளன. முக்காலி, நாற்காலி என்னும் வழக்குச் சொற்களின் ஆக்கமும் இதுவே. காலையுடையது காலி, கோணத்தையுடையது கோணி. இது தமிழியல்புக்கு முற்றிலும் இயைந்த ஆக்கம்.

இரண்டாவதாக, 90 பாகைக்குக் குறைந்த கோணத்தின் பெயர். தமிழகத்தில் இது குறுங்கோணம், இலங்கையில் கூர்ங்கோணம், இந்தியில் குறைவு என்னும் பொருள்படும் ‘ந்யூன கோண்’. குறுமை என்பது நீளத்தையும் சுட்டும் பண்பு. அதன் மறுதலை நெடுமை. ஆகவே, கைகள் நீளமாக வரையப்பட்ட கோணமே பெரிது என்று இளம் மாணாக்கர் கொள்ளும் நன்கறியப்பட்ட பிழைக்குக் குறுங்கோணம் என்னும் சொல் துணைபோகக் கூடும். கூர்மையோ முனையின் தன்மையை நேரே சுட்டுகிறது. ‘ர்ங்க’ என்னும் மயக்கம் ஒலித்தற்கு அரிது என்பார்க்கு, வேர்ங்குறை என உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டே விடையாகும்.

இதனால் இலங்கை வழக்கே யாண்டும் சிறந்தது எனக் கொள்ளலாகாது. செங்கோண முக்கோணத்தின் நெடும்பக்கத்தைத் தமிழகம் கர்ணம் என்கிறது. இலங்கை செம்பக்கம் என்கிறது. கர்ணம் என்பதற்கு வடமொழியிற் காது என்பது பொருள். தமிழில் அது ஊர்க்கணக்கரையும் நினைவூட்டும். எனினும், செம்பக்கம் என்னும் சொல்லைப் புதிதாகக் கேட்பவர், செங்கோணத்தை அமைக்கும் பக்கங்களுள் ஒன்றையே எண்ணுவர். அதற்கு எதிரே கிடக்கும் பக்கத்தை எண்ணார். இங்கு வடசொல்லே மயக்கம் குறைந்தது.

மூன்றாவதாக, இரு நாட்டு வழக்கிற்கும் பொதுவான ஒரு குறையைச் சுட்ட வேண்டும். நான்கு பக்கங்களும் சமமான நாற்கரம் சாய்சதுரம் எனப்படுகிறது. இன்றைய கணித வரையறைப்படி ஒவ்வொரு சதுரமும் இவ்வகையுள் அடங்கும். சாயாத சதுரத்தைச் சாய்சதுரத்தின் ஒரு வகை என்று கற்பிக்க நேரும் ஆசிரியர் சொல்லோடு போராட வேண்டியவராகிறார். இந்தியின் ‘சமசதுர்புஜ்’ இவ்விடருக்கு இடந்தரவில்லை. தில்லியில் இந்திக் கணித நூலைத் தமிழாக்குவோர் ‘சமநாற்கரம்’ என்று பெயர்த்தாற் கருத்துத் தெளிவாகும். ஆனால் தமிழ்ப் பாடநூல் வழக்கினின்று விலக நேரும். சாய்சதுரம் என்றே எழுதினால் வழக்கு நிற்கும், வரையறை தளரும். மொழிபெயர்ப்பாளர் அன்றாடம் எதிர்கொள்ளும் சிக்கல் இத்தகையதே.

மறுபுறம், மாற்ற வேண்டாத சொற்களும் பல. வில், நாண் ஆகிய இரண்டும் வட்டத்தின் பகுதியையும் அதன் இருமுனைகளை இணைக்கும் கோட்டையும் ஒரே உவமையுள் அடக்குகின்றன. வீட்டின் குறுக்கே கிடக்கும் உத்தரத்தைக் குறித்த விட்டம், வட்டத்தின் நடுவே செல்லும் கோட்டுக்குப் பெயராகி, மூலைவிட்டம் எனவும் விரிந்தது. செங்கோல், செங்குத்து என்பவற்றில் நேர்மை குறித்து நிற்கும் செம்மையே செங்கோணத்திலும் நிற்கிறது.

ஆகவே, வேரின் தூய்மையையோ அனைத்திந்திய ஒருமையையோ மட்டும் அளவுகோலாகக் கொள்வது போதாது. தமிழக, இலங்கைச் சொற்களையும் இந்திச் சொற்களையும் அருகருகே வைத்து, கருத்துத் தெளிவும் இனச்சொல் இயைபும் நோக்கித் தேர்ந்த ஒப்பீட்டுச் சொற்றொகுதி ஒன்றே மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும். முக்கோணி, கூர்ங்கோணம், சமநாற்கரம் ஆகிய மூன்றையும் அத்தொகுதிக்குரிய முதற் பரிந்துரைகளாக இக்கட்டுரை முன்வைக்கிறது.