மண்குதிரையும் கைவினைத் திருவிழாவும்

புரவி எடுப்பு என்பது அய்யனார் கோயிலுக்குச் சுடுமண் குதிரைகளைச் செய்து, ஊர்வலமாக எடுத்துச் சென்று வைக்கும் ஊர்த் திருவிழா. குதிரை எடுப்பு என்றும் இதைச் சொல்வர். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களின் சிற்றூர்கள் பலவற்றில் இவ்விழா இன்றும் நடக்கிறது. குதிரைகளைச் செய்பவர்கள் வேளார் எனப்படும் குயவர்கள். பல ஊர்களில் அவர்களே அய்யனார் கோயிலின் பூசாரிகளாகவும் இருக்கிறார்கள்.

கைவினைகளைக் கொண்டாட இன்று நாடெங்கும் கண்காட்சிகளும் சந்தைகளும் நடத்தப்படுகின்றன. அங்கே கைவினைஞர் தாம் செய்த பொருளைக் கடைவிரித்து வைக்கிறார். வருபவர்கள் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், பிடித்தால் வாங்குகிறார்கள். புரவி எடுப்பில் விலைச்சீட்டு கிடையாது. குதிரை வேண்டும் என்று கேட்ட ஊராரே அதைத் தோளில் சுமக்கிறார்கள். இரண்டுமே கைவினையைக் கொண்டாடும் விழாக்கள்தான். ஆனால் ஒரு கைவினை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர எது உதவுகிறது என்று பார்த்தால், இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிகிறது.

பழமொழியில் மண்குதிரை

'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?' என்பது தமிழில் பலரும் அறிந்த பழமொழி. அது 'மண் குதிர்', அதாவது ஆற்றின் நடுவே தோன்றும் மணல்மேடு என்பதன் திரிபு என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், கரைந்துபோவதை ஒரு குறையாகவே பழமொழி சொல்கிறது. நம்பத்தகாதவற்றுக்கு அது உவமை.

அய்யனார் கோயில் திடலில் நிற்கும் மண்குதிரைகளும் கரைகின்றன. மழையிலும் வெயிலிலும் வண்ணம் உதிர்கிறது; காது உடைகிறது; கால் விரிசல் விடுகிறது; பல ஆண்டுகளில் ஓட்டுச் சில்லுகளாகி மண்ணோடு சேர்கின்றன. ஊரார் அவற்றைப் பழுது பார்ப்பதில்லை. பழைய குதிரைகளின் அருகிலேயே புதிய குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பழமொழி குறையாகச் சொல்வதையே இவ்விழா தன் ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. குதிரை அழிவதால்தான் அடுத்த குதிரைக்கு வேலை இருக்கிறது.

பிடிமண் கொடுத்தல்

விழாவின் முதல் சடங்கு பிடிமண் கொடுத்தல். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்குடன் வேளாரிடம் கொடுப்பார்கள். அவர் அதைப் பெற்றுக்கொண்டால் குதிரை செய்து தருவதாக வாக்குக் கொடுத்ததாகப் பொருள். கொடுத்தவர்களும் விழாவை நடத்தி முடிப்பதாக வாக்குக் கொடுத்தவர்களாகிறார்கள். ஒரு பிடி மண் இரு தரப்பையும் கட்டுகிறது.

ஊர்ப் பொதுவில் செய்யப்படும் குதிரைகளோடு, தனிக் குடும்பங்கள் நேர்ந்துகொண்ட குதிரைகளும் உண்டு. நோய் நீங்கியவர்களும் பிள்ளைப்பேறு பெற்றவர்களும் குதிரை, காளை, மதலை எனப்படும் குழந்தை உருவம் ஆகியவற்றைச் செய்யச் சொல்வர். ஆகவே வேளார் யாருக்காகச் செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்பதை அறிந்தே மண்ணைத் தொடுகிறார். கைவினைச் சந்தைக்குப் பொருள் செய்பவருக்கு இந்த அறிவு கிடைப்பதில்லை. வாங்குபவர் யாரென்று தெரியாமலேயே அவர் செய்து அடுக்க வேண்டியிருக்கிறது.

செய்முறையும் அதிலுள்ள அறிவும்

கண்மாயிலிருந்து எடுத்த களிமண்ணைக் காயவைத்து, கல் நீக்கி, ஊறவைத்துப் பிசைவர். மணலும் உமியும் அதில் சேரும். மணல் காயும்போது ஏற்படும் சுருக்கத்தைக் குறைக்கும். உமி சுடும்போது எரிந்து நுண்துளைகளை உண்டாக்கும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற அவை வழிவிடும். இதைச் செய்யத் தவறினால் சூளையில் குதிரை வெடித்துவிடும்.

முதலில் நான்கு கால்களும் உள்ளீடற்ற குழாய்களாக எழும்பும். அவை ஓரளவு இறுகிய பின்பே வயிற்றுப் பகுதியை அவற்றின் மேல் ஏற்றுவர். பிறகு கழுத்து, தலை, சேணம், மணிமாலை என வேலை மேலே போகும். கீழ்ப்பகுதி காயும் முன்பு மேல்பகுதியை வைத்தால் பாரம் தாங்காது சரியும். மிகவும் காய்ந்துவிட்டாலோ ஒட்டாது. எப்போது வைக்கலாம் என்பதை வேளார் விரலால் அழுத்திப் பார்த்து அறிகிறார். வைக்கோல், வறட்டி, விறகு ஆகியவற்றால் மூடிச் சுட்ட பிறகு சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டுவர்.

இந்த அறிவு பெரிய குதிரையில்தான் முழுமையாகப் பயன்படுகிறது. ஒரு சாண் பொம்மைக்குப் பாரம் தாங்கும் கணக்கு தேவையில்லை. பெரிய குதிரை கேட்கும் விழா இல்லாவிட்டால், அதைச் செய்யத் தெரிந்த கை ஒரு தலைமுறையில் மறந்துவிடும்.

குதிரை புறப்படும் நாள்

விழா நாளில் வேளார் தெருவில் அல்லது குதிரைப் பொட்டலில் ஊர் கூடுகிறது. குதிரைகளுக்கு மாலை சூட்டி, துண்டு கட்டி, பூசை செய்வர். அதன் பிறகு அவை வெறும் மண்ணுருக்களாகக் கருதப்படுவதில்லை. அய்யனார் இரவில் ஊரைக் காவல் சுற்றி வரும் வாகனங்களாகின்றன. கழிகளில் கட்டி, இளைஞர்கள் தோள்கொடுத்து, மேளதாளத்தோடு வயல்வெளி வழியாகக் கோயில் திடலுக்குக் கொண்டுசெல்வர். அங்கே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவர்.

இந்த இறுதிச் செயல் கவனிக்கத்தக்கது. இத்தனை உழைப்பில் உருவான பொருளை யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. அதற்குப் பாதுகாப்புப் பெட்டியும் கூரையும் கிடையாது. திறந்தவெளியில் விட்டுவிடுகிறார்கள்.

சிமெண்டுக் குதிரை

பல ஊர்களில் இன்று மண்குதிரைக்குப் பதிலாகச் சிமெண்டுக் குதிரை நிற்கிறது. ஒருமுறை செலவு செய்தால் போதும், உடையாது, எனாமல் வண்ணம் பளபளக்கும் என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். கண்மாய் மண் எடுக்க அரசு அனுமதி பெற வேண்டியிருப்பதும், வேளார் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டதும் உண்மையான தடைகளே. ஊராரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். சிமெண்டுக் குதிரை வந்த ஊரில் பிடிமண் கொடுக்கத் தேவையில்லை. வேளாரின் முற்றத்தில் ஊர் கூடத் தேவையில்லை. பொருள் நிலைத்துவிட்டது, தொழில் நின்றுவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் குதிரைச் சிலை 30 அடிக்கு மேல் உயரமானது. அது மண்ணால் செய்து கரைய விடும் குதிரையன்று, நிலையாக நிற்பது. ஆயினும் மாசி மக விழாவில் பக்தர்கள் அதற்கு நீண்ட காகிதப்பூ மாலைகளைச் சாற்றுகிறார்கள். குதிரையே மறையும் அளவுக்கு மாலைகள் குவிகின்றன. ஆண்டுதோறும் புதிய மாலை வேண்டும் என்பதால் மாலை கட்டும் கைகளுக்கு ஆண்டுதோறும் வேலை இருக்கிறது. குதிரை நிலைத்த இடத்திலும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய ஒன்றை மக்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். கைவினை உயிர்வாழ்வது இந்தத் திரும்பச் செய்தலில்தான்.

வங்கத்துக் குதிரை

சந்தை கைவினையை அழித்துவிடும் என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியாகாது. மேற்கு வங்கத்தில் பாங்குரா மாவட்டத்தின் பாஞ்ச்முரா ஊரில் செய்யப்படும் சுடுமண் குதிரையும் அடிப்படையில் நேர்த்திக்கடன் குதிரையே. தர்ம தாக்கூர் முதலிய ஊர்த் தெய்வங்களுக்கு அதை மரத்தடியில் படைத்தனர். நீண்ட கழுத்தும், தனியே செய்து செருகப்படும் காதுகளும் அதன் அடையாளங்கள். நகரத்து மக்கள் அதை விரும்பி வாங்கத் தொடங்கினர். இந்தியக் கைவினையின் சின்னமாகவே அது பரவியது. 2018ஆம் ஆண்டு பாஞ்ச்முராச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதனால் பாஞ்ச்முராக் குயவர்களுக்கு ஊருக்கு வெளியேயும் வாங்குவோர் கிடைத்தனர். இது பெரிய நன்மை. இணையாகவே கூடத்து அலமாரிக்கு ஏற்ற அளவும் வேண்டியதாயிற்று; வாங்குபவருக்கு அது அழகுப் பொருளானது. அலமாரிக் குதிரை உடையாமல் பல்லாண்டு இருக்கும். வாங்கியவர் இன்னொன்று வாங்க வேண்டியதில்லை. ஆகவே குயவர் எப்போதும் புதிய வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அரசு நடத்தும் கைவினை விழா

ஹரியானாவின் பரீதாபாத் அருகே சூரஜ்குண்ட் என்னும் இடத்தில் 1987 முதல் கைவினை மேளா நடந்துவருகிறது. வழக்கமாகப் பிப்ரவரி மாதத்தில் நடைபெறும். பெரும்பாலும் ஒரு மாநிலம் கருப்பொருளாகத் தேர்ந்தெடுக்கப்படும். 2013இல் இது பன்னாட்டு விழாவாக விரிவுபடுத்தப்பட்டது. நெசவாளர், குயவர், ஓவியர், நாட்டுப்புறக் கலைஞர் எனப் பலரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள்.

இத்தகைய விழாக்கள் இடைத்தரகரை விலக்கிக் கைவினைஞரை நேரே வாங்குபவரிடம் சேர்க்கின்றன. ஒரு மாநிலத்துக் கலைஞர் இன்னொரு மாநிலத்துக் கலைஞரின் வேலையைப் பார்க்க வாய்ப்புத் தருகின்றன. குறைபாடு வேறிடத்தில் உள்ளது. இங்கே பொருளைப் பார்க்கலாம். அது கேட்கப்பட்ட சூழலைப் பார்க்க முடியாது. அய்யனார் குதிரையைத் திடலிலிருந்து எடுத்து நுழைவாயிலில் அலங்காரமாக நிறுத்தினால், உருவம் மட்டுமே வந்து சேர்கிறது. பிடிமண்ணும் நேர்த்தியும் தோள்களும் ஊரிலேயே தங்கிவிடுகின்றன.

ஊர் விழாவின் குறைகள்

புரவி எடுப்பைக் குறையற்றதாகக் காட்டுவது மாணவர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும். முதல் மரியாதை யாருக்கு என்ற பிணக்கால் விழா நின்றுபோன ஊர்கள் உண்டு. ஊர்வலப் பாதையும் மரியாதை வரிசையும் சாதி அடுக்கைப் பின்பற்றுவது பல இடங்களில் கண்கூடு. வேளாருக்கு அன்று மாலையும் பரிவட்டமும் கிடைக்கின்றன. விழாவுக்குப் பிந்தைய மாதங்களில் அவருடைய அடுப்பு எரிய அவை போதுமா என்று ஊர் கேட்பதில்லை. மண் சலித்துப் பிசையும் வேளார் வீட்டுப் பெண்களின் உழைப்பு எந்த மரியாதை வரிசையிலும் இடம்பெறுவதில்லை.

கைவினைச் சந்தையில் கலைஞர் தம் பெயரைச் சொல்லி, தாமே விலை வைத்து விற்கலாம். பிறப்பை யாரும் கேட்பதில்லை. இந்த விடுதலையை ஊர் விழா இன்னும் முழுமையாகத் தரவில்லை.

மதிப்பீடு

ஒவ்வொரு கைவினை விழாவும் எத்தனை கடைகள், எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு விற்றது என்ற கணக்கோடு முடிகிறது. புரவி எடுப்பு இன்னொரு கேள்வியைக் கேட்கச் சொல்லித்தருகிறது: விழா முடிந்த பின் கைவினைஞரிடம் அடுத்த குதிரையைக் கேட்பவர் யார்? இதற்கு விடை இருந்தால் அந்த விழா கைவினையை வளர்த்திருக்கிறது. விடை இல்லாவிட்டால் அது ஒருநாள் வேடிக்கையாக முடிந்திருக்கிறது.

பள்ளி ஆண்டு விழாவிலும் குடியிருப்புப் பொங்கல் விழாவிலும் கலைப்பொருள் அரங்கு அமைப்பவர்கள் இதை எளிதாகச் செயலில் காட்டலாம். கடைத்தெருவில் பொம்மை வாங்கி அடுக்குவதற்குப் பதிலாக, அருகிலுள்ள குயவரிடம் சில மாதங்களுக்கு முன்பே சென்று, நியாயமான கூலி பேசி, வேண்டியதைச் செய்யச் சொல்லலாம். மாணவர்கள் அவர் மண் பிசைவதைப் போய்ப் பார்க்கலாம். பெயர்ப்பலகையில் அவர் பெயரையும், அவருடன் உழைத்த பெண்களின் பெயரையும் எழுதலாம். அடுத்த ஆண்டும் அவரிடமே செல்லலாம்.

அய்யனார் திடலில் சிதைந்து கிடக்கும் பழைய குதிரைகளைக் கண்டு, பாதுகாக்கத் தவறிவிட்டார்களே என்று வெளியூர் மக்கள் வருந்துவதுண்டு. அருகில் வண்ணம் மாறாத புதுக் குதிரை ஒன்று நின்றால் வருத்தத்திற்கு இடமில்லை. பழைய சில்லுகள் மட்டுமே கிடந்தால், அந்த ஊரில் பிடிமண் கொடுத்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்றுதான் விசாரிக்க வேண்டும்.