திரை யார் கையில் இருக்க வேண்டும்?

கொவிட்டால் பாடசாலைகள் மூடியிருந்த 2021 ஆகஸ்டில் பதுளை மாவட்டத்துச் செய்தியொன்றை ஏ.பி. செய்தி நிறுவனம் உலகமெங்கும் கொண்டுபோனது. போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் யானையும் சிறுத்தையும் வந்துபோகும் பற்றைக்காட்டில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, இணையவழிப் பாடத்துக்காகச் சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். லுணுகலையில் பெரியவர்கள் துணைக்குப் போய், மலையுச்சியில் முப்பதடி உயரத்தில் மரத்தின்மேல் கட்டிய குடிலில் பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள். படித்தவர்கள் நெகிழ்ந்தார்கள். பிள்ளைகளின் மனவுறுதியைப் பாராட்டிப் பலரும் எழுதினார்கள்.

அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடில்லை. மேலே ஏறிய பிள்ளைகள் அங்கே என்ன செய்தார்கள் என்பதைச் செய்தியே சொன்னது: ஆசிரியர் அனுப்பிய பாடக்குறிப்பை இறக்கிக்கொண்டார்கள், செய்த வேலையை ஏற்றி அனுப்பினார்கள், முறை வைத்துச் செய்தார்கள். அவ்வளவு தூரம் நடந்து கிடைத்தது ஒரு கோப்பு. பாடத்தை விளக்க ஆளில்லை, சந்தேகம் கேட்க நேரமில்லை. இணையவழிக் கற்பித்தலை மலையகத்தில் எடைபோட வேண்டுமானால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சிக்னல் இருந்ததா இல்லையா என்பது முதற் கேள்வி. சிக்னல் கிடைத்த பிறகு அங்கே கற்பித்தல் நடந்ததா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முதற் கேள்வியிலேயே நாம் பல வருடங்களைக் கழித்துவிட்டோம்.

மடுல்சீமையைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் செய்தி புதிதாக இருந்திருக்காது. பசறையைக் கடந்து லுணுகலை வீதியில் போய், மெட்டிகாதன்னையில் திரும்பி ஏறினால் வரும் ஊர் இது. பட்டாவத்தை, ரோபேரி, கொக்காகலை என்று தோட்டங்கள் மலைமடிப்புகளுக்குள் கிடக்கின்றன. லயங்கள் பெரும்பாலும் பள்ளத்தில், தண்ணீர் வரும் பக்கமாகப் பார்த்துக் கட்டப்பட்டவை. சிக்னலோ மேட்டில்தான் எட்டும். வெள்ளைக்கார துரைமார் காலத்தில் எங்கே லயம் கட்டினார்கள் என்பது, இன்று எந்தப் பிள்ளைக்கு இணையம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையில் திறந்தும் மீண்டும் மூடியும், 2021 ஏப்ரல் இறுதியில் மறுபடி மூடப்பட்டவை ஒக்டோபர் வரை திறக்கவில்லை. கல்வி அமைச்சு மூன்று வழிகளைச் சொன்னது: தொலைக்காட்சிப் பாடம், ஈ-தக்சலாவ இணையத்தளம், ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவும் சூம் வகுப்பும். நாடு முழுவதிலும் அதிகபட்சம் 40 வீதமான மாணவர்கள்தான் இணையவழி வகுப்பில் சேர முடிந்தது என்று இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்னார். நகரத்தையும் தோட்டத்தையும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. தோட்டத்தை மட்டும் தனியே எடுத்தால் நிலைமை என்னவாக இருந்திருக்கும் என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த முறையின் ஆழமான குறை பணம் சம்பந்தப்பட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பிள்ளைகள் அதன் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக என்று இருந்த தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க எழுபதுகளின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகுதான் 1980இல் வந்த இலவசப் பாடநூலும் 1993இல் வந்த இலவசச் சீருடையும் இந்தப் பிள்ளைகளின் கைக்கு எட்டின. பாடசாலைக்கு வரும் பிள்ளைக்குக் கட்டடம், மேசை, புத்தகம் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியது அரசின் கடமை என்பது அப்படித்தான் நிலைபெற்றது. நிகழ்நிலை வகுப்பு அந்தக் கடமையை ஓசையில்லாமல் லயத்துக் காம்பராவின் தலையில் இறக்கி வைத்தது. வகுப்பறை காம்பரா ஆனது, கரும்பலகை அப்பாவின் போன் ஆனது, வெண்கட்டிச் செலவு ரீலோட் கார்ட் ஆனது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021 மார்ச்சில்தான் உயர்ந்தது. ஓரளவு நல்ல ஸ்மார்ட் போன் ஒன்றுக்கு அப்போது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு போய்விடும். ஒரு மணித்தியால சூம் வகுப்பு ஏறக்குறைய ஒரு ஜிபி டேட்டாவை விழுங்கும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் மூன்று வகுப்பும் ஒரே நேரத்தில் என்றால் யாருக்குப் போனைக் கொடுப்பது? பல வீடுகளில் சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தக் கருவிகளையே தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அவற்றால் கிடைத்த நன்மை உண்மையானது, அதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிய கருவிதான் எல்லாவற்றிலும் அதிகம் உதவியது: வட்ஸ்அப் குரல்பதிவு. ஒரு நிமிடப் பதிவு சில நூறு கேபிதான். அம்மாவும் அப்பாவும் கொழுந்து நிறுத்துத் திரும்பி வந்த பிறகு, மாலையில் போன் கைக்கு வரும்போது பிள்ளை கேட்கலாம். விளங்காவிட்டால் திரும்பக் கேட்கலாம். வகுப்பில் ஒரு முறை சொன்னதை மறுமுறை கேட்கத் துணியாத பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் சிலர் ஆசிரியருக்குத் தனியே குரல்பதிவில் கேள்வி அனுப்பினார்கள். நாற்பது பேர் முன்னால் எழுந்து நிற்கும் கூச்சம் அங்கே இல்லை. தங்கள் வீட்டுப் பேச்சிலேயே கேட்டார்கள். ஒரு பிள்ளையின் மனதுக்குள் என்ன குழப்பம் இருக்கிறது என்பதைக் கரும்பலகைக்கு முன்னால் நின்று கண்டுபிடிக்க முடியாத ஆசிரியர், அந்த அரை நிமிடப் பதிவில் கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு நன்மை ஆசிரியர் பற்றாக்குறையோடு சேர்ந்தது. ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆசிரியர் கிடைப்பது பழைய துன்பம். ஆய்வுகூடம் இருந்தால் உபகரணம் இருக்காது, உபகரணம் இருந்தால் கற்பிக்க ஆள் இருக்காது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) செயலிகளில் மின்சுற்றை இணைத்து, மின்குமிழ் எரிவதையும் மின்னோட்டம் மாறுவதையும் கண்ணால் பார்க்கலாம். பல செயலிகள் தமிழிலும் உண்டு. முக்கியமான விஷயம், ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே இயங்கும். 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் பழைய கல்வி வெளியீடுகளும் குவிந்து கிடக்கின்றன. நூலக அலுமாரி பூட்டியே கிடக்கும் பாடசாலைக்கு இது பெரிய வாசல்.

ஆனால் வகுப்பைக் கலகலப்பாக்குவதாகப் பேர்பெற்ற கருவிகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. கஹூட்டை எடுத்துக்கொள்வோம். வினா திரையில் வரும், மாணவர்கள் போனில் விடையை அழுத்துவார்கள், உடனே புள்ளி வரும். பிள்ளைகள் ஆரவாரிப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வழக்கமான புள்ளிமுறையில் விரைவாக அழுத்துபவருக்கே அதிகப் புள்ளி. நகரத்துப் பாடசாலையில் அது வேகச் சிந்தனையை அளக்கிறது என்று வாதாடலாம். ரோபேரிப் பள்ளத்தில் அது சிக்னலை அளக்கும். சரியான விடை தெரிந்த பிள்ளை கடைசியில் நிற்கும், தனக்குக் கணக்கு வராது என்று நம்பத் தொடங்கும். இதற்கு மாற்று இல்லாமலில்லை. பிளிக்கர்ஸ் என்ற கருவியில் பிள்ளைகளிடம் போன் தேவையில்லை. ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை. எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியர் தன் போன் கமராவை வகுப்பின்மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் யார் யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் விடை என்னவென்று தெரியாததால் பார்த்துப் போடவும் முடியாது, கேலியும் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாட்டில்தான் என் முழு வாதமும் இருக்கிறது. ஒன்று ஒவ்வொரு வீட்டிடமும் ஒரு கருவியைக் கேட்கிறது. மற்றது ஆசிரியரிடம் ஒரு கருவியைக் கேட்கிறது. முதலாவது வகை தோட்டத்துக்குள் வரும்போது பழைய ஏற்றத்தாழ்வை அப்படியே வகுப்பறைக்குள் கூட்டிவருகிறது. இரண்டாவது வகைதான் இங்கே தகும்.

ஆசிரியர் நடுவில் இருப்பது ஏன் முக்கியம் என்பதற்குத் தமிழ்ப் பிள்ளைகளிடமே நடந்த ஓர் ஆய்வு உண்டு. புதுச்சேரிக்கு அருகே கலிக்குப்பத்தில் சுகதா மித்ராவின் குழு, பொதுவிடத்தில் கணினியை வைத்து, பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் மரபணு பற்றிய ஆங்கிலப் பாடத்தை விட்டுவிட்டுப் போனது. யாரும் கற்பிக்காமலே சில மாதங்களில் ஏறக்குறைய 30 வீதப் புள்ளி எடுத்தார்கள். வியப்புத்தான். ஆனால் அதோடு நின்றுவிட்டார்கள். பிறகு பாடம் தெரியாத, ஆனால் பிள்ளைகளோடு அன்பாகப் பழகிய ஒரு பெண்ணைப் பக்கத்தில் இருக்கச் செய்தார்கள். எப்படிச் செய்தாய், எங்கே காட்டு என்று வியந்து கேட்பதுதான் அவர் வேலை. புள்ளி ஏறக்குறைய 50க்கு உயர்ந்தது. 2010இல் வெளியான இந்த ஆய்வைக் கணினியின் வெற்றியாகவே பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். பக்கத்தில் இருந்து கேட்ட அந்தப் பெண்ணைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன். கல்வித் தொலைக்காட்சி வைத்திருந்த தமிழ்நாடும் 2021 ஒக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. திரையால் விட்டுப்போன பாடத்தை ஈடுசெய்ய மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

பாடசாலைகள் திறந்த பிறகு நம்மிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று பார்த்தால் கவலையாக இருக்கிறது. 2021 ஒக்டோபர் 21இல் இருநூறு மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளை முதலில் திறந்ததால் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகள் முன்னதாகவே வகுப்புக்குப் போனார்கள், அது நல்ல முடிவு. ஆனால் வட்ஸ்அப் குழுக்கள் கலையவில்லை. இரவு எட்டு மணிக்கு வீட்டுவேலை வருகிறது. நாளைக்குப் படத்தோடு ஒப்படை கொண்டுவா என்று வருகிறது. பிள்ளை கடைவீதிக் கம்யூனிகேஷனுக்கு ஓடுகிறது, கடைக்கார அண்ணன் இணையத்தில் தேடி எடுத்துக் கலரில் அச்சடித்துக் கொடுக்கிறார், பிள்ளை ஒட்டிக்கொண்டு போகிறது, ஆசிரியர் சரி போடுகிறார். பணம் செலவானது, பிள்ளை ஒரு வரியும் படிக்கவில்லை. வட்ஸ்அப்பில் நீலச் சரிக்குறி விழுந்தால் பிள்ளை பார்த்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதும் இதே பழக்கம்தான். போன் அப்பாவுடையது. பார்த்தது அப்பா.

இந்திய அரசின் உதவியில் ஒன்பது பெருந்தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்தும் திட்டத்தை இந்தக் கண்ணோட்டத்தில் வரவேற்கிறேன். வசதி பாடசாலைக்குள் வருகிறது, அரசின் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பெருந்தோட்டப் பாடசாலைகளில் ஒன்பது என்பது மாதிரிக்குத்தான் போதும். மேலும் ஒக்டோபர், நவம்பர் இடிமின்னலில் இந்த மலைகளில் எத்தனை மின்சாதனம் கருகுகிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். பொருத்திக் கொடுப்பவர்கள் திருத்திக் கொடுக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்ததும் இனிப் பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். அதே வருடம் நவம்பர் இறுதியில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, பாதை போனது, மின்சாரம் போனது, தொடர்பும் போனது. இணையத்தில் மட்டும் பாடத்தை வைத்திருக்கும் பாடசாலை அந்த வாரங்களில் வெறுங்கையோடு நிற்கும். கையில் இறக்கி வைத்திருந்தால் ஒரு மடிக்கணினி போதும்.

6ஆம் தரத்துக்கான புதிய கல்விச் சீர்திருத்தம், ஆங்கில மொடியூலில் பொருத்தமற்ற இணைய முகவரி ஒன்று அச்சாகிய சர்ச்சைக்குப் பிறகு, 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. எல்லோரும் அந்த முகவரியைப் பற்றிப் பேசினார்கள். பாடத்துக்குள் இணைய முகவரியை அச்சிடும்போது, அதைத் திறக்க முடியாத பிள்ளை அந்தப் பக்கத்தில் என்ன செய்யும் என்று கேட்டவர்கள் குறைவு. கிடைத்திருக்கும் இந்த அவகாசத்தில் பசறைக் கல்வி வலயம் பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பதிய வேண்டியவை சில உண்டு. வகுப்பறையில் மின்சாரம் இருக்கிறதா, எந்த நேரம் இருக்கிறது? திரையும் ஒலிபெருக்கியும் யார் பொறுப்பில், சாவி யாரிடம்? மொடியூலில் வரும் ஒவ்வொரு காணொளியையும் பாடசாலையிலேயே இறக்கி வைத்துக் காட்ட முடியுமா? ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து போடும் டேட்டாவுக்கு யார் பணம் கொடுப்பது? இரவில் வீட்டுவேலை அனுப்புவதை நிறுத்தச் சொல்லி அதிபர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்குச் செலவே இல்லை, அடுத்த தவணைக்கே செய்யலாம்.