ஓர் இரவின் சாட்சியம்

அரபு மொழியில் 'ஷஹாதா' என்னும் ஒரே சொல் சாட்சியத்தையும் உயிர்த்தியாகத்தையும் குறிக்கும். வரலாற்றுத் திரைப்படத்தை மதிப்பிட இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. மாண்டவர்களுக்காக அது அளிக்கும் சாட்சியம் எத்தகையது? ஷூஜித் சர்க்கார் இயக்கிய 'சர்தார் உதம்' (2021) படத்தை இக்கேள்வியோடுதான் அணுக வேண்டியுள்ளது.

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாகில் அமைதியாகக் கூடியிருந்த மக்கள்மீது, ஜெனரல் டயரின் படையினர் எச்சரிக்கை ஏதுமின்றிப் பத்து நிமிடங்கள் சுட்டனர். செலவான தோட்டாக்கள் 1,650; அரசுக் கணக்கின்படி மாண்டோர் 379 பேர்; காங்கிரஸ் விசாரணை ஏறத்தாழ ஆயிரம் என மதிப்பிட்டது. அன்று பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்து டயரை ஆதரித்த மைக்கேல் ஓ'ட்வயரை, 1940 மார்ச் 13இல் இலண்டனில் உதம் சிங் சுட்டுக் கொன்றார். படம் இப்பழிவாங்கலை முன்னே வைத்து, படுகொலையை இறுதிக்கு ஒதுக்குகிறது.

படத்தின் உயர்வு அவ்விறுதிப் பகுதியில் உள்ளது. துப்பாக்கிகள் ஓய்ந்தபின் வரும் இரவையே இயக்குநர் நீண்ட நேரம் காட்டுகிறார். ஊரடங்கு நிலவும் இருளில், காயமுற்றோரை ஒவ்வொருவராகத் தள்ளுவண்டியில் ஏற்றிச் செல்கிறான் ஓர் இளைஞன். இசையால் நம்மை அழவைக்கும் முயற்சி இல்லை. காயமுற்றோரைக் கவனிப்பது தம் வேலையன்று என ஹண்டர் குழுவின்முன் டயர் கூறியதன் முழுப் பொருளும் இக்காட்சிகளில் விளங்குகிறது. குற்றம் பத்து நிமிடங்களில் முடியவில்லை, விடியும்வரை நீடித்தது.

எனினும் ஒரு குறை உண்டு. பாகில் கூடியோர் ஒரு வீரனின் சினத்திற்குக் காரணமாக அமைவதற்காக வந்தவர்கள் அல்லர். வைசாகித் திருநாளுக்கு வந்தோர் பலர். ரௌலட் சட்டத்தையும், ஏப்ரல் 10இல் நிகழ்ந்த சைபுத்தீன் கிச்சலூ, சத்யபால் ஆகியோரின் கைதையும் எதிர்க்க வந்தோர் பலர். அதற்கு முந்திய நாள் நிகழ்ந்த ராமநவமி ஊர்வலத்தில் முஸ்லிம்களும் திரளாகப் பங்கேற்றனர். ஆட்சியாளர் அஞ்சியது இவ்வொற்றுமையை. படம் அதற்குப் போதிய இடம் தரவில்லை.

காவலில் உதம் சிங் தம் பெயரை 'ராம் முஹம்மத் சிங் ஆசாத்' என்றார். படம் இப்பெயரை மறக்கவில்லை. அது பிறந்த வீதியைத்தான் நமக்குக் காட்டாமல் விட்டது. மரணத்திற்கு நேர்மையாகச் சாட்சி சொன்ன படம், அம்மக்கள் வாழ்ந்த வாழ்வுக்கும் சாட்சி சொல்லியிருக்கலாம்.