இடர் முன்னுரிமை எண்: ஒரு விமர்சனம்

ஒரு பொருளை உருவாக்கும் முன்பே அது எந்தெந்த வகையில் பழுதாகலாம், பழுதானால் என்ன நேரும் என்று பட்டியலிட்டு ஆராயும் முறை எஃப்எம்இஏ எனப்படுகிறது. இதற்கான அமெரிக்க இராணுவ நடைமுறை 1949இல் வெளிவந்தது. பின்னர் விண்வெளித் துறையும் மோட்டார் வாகனத் துறையும் இதைக் கையாண்டன. இம்முறையின் பயனை மறுப்பவர் குறைவு. பழுதுகளை வரிசைப்படுத்த அது பயன்படுத்திய எண்தான் நெடுங்காலமாக விமர்சனத்துக்கு உள்ளாகி வந்துள்ளது.

விளைவின் தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டறியும் கடினம் ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது இடர் முன்னுரிமை எண். எண் பெரிதானால் அந்தப் பழுதை முதலில் கவனிக்க வேண்டும் என்பது விதி.

இந்த மதிப்பெண்கள் அளவுகள் அல்ல, வரிசை இடங்கள் மட்டுமே. தீவிரம் 8 என்பது தீவிரம் 4ஐப் போல இரு மடங்கு என்று பொருள்படாது. தேர்வில் ஒரு மாணவர் பெற்ற இடத்தையும் ஓட்டப் பந்தயத்தில் பெற்ற இடத்தையும் பெருக்கி அவரது திறமையை யாரும் கணக்கிடுவதில்லை. இங்கு நடப்பது ஏறத்தாழ அதுவே. 1000 சேர்க்கைகள் இருந்தும் 120 வெவ்வேறு விடைகளே கிடைக்கின்றன. 1000க்கு அடுத்த மதிப்பு 900, அதற்கடுத்தது 810. இடையில் எதுவும் இல்லை.

இரண்டு பழுதுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு காரில் பிரேக் முற்றிலும் செயலிழப்பதற்குத் தீவிரம் 10, வாய்ப்பு 4, கண்டறிதல் 2 எனில் பெருக்கல் 80. அதே காரில் ஏசியின் குளிர்ச்சி குறைவதற்கு மூன்றும் 5 எனில் 125. உயிர் போகும் பழுது பின்னுக்குத் தள்ளப்பட்டு, வியர்வை முன்னுக்கு வருகிறது! நடவடிக்கைக்கு 100 என்று எல்லை வைத்திருக்கும் குழு, பிரேக்கைப் பற்றிப் பேசாமலே கூட்டத்தை முடித்துவிடலாம். எல்லை ஒன்று இருந்தால், மதிப்பெண்ணை ஒன்றிரண்டு குறைத்து அதற்குக் கீழே வந்துவிடும் ஆசையும் உடன் வரும்.

கண்டறிதலையும் சமமாகப் பெருக்குவது இன்னொரு குறை. 9, 4, 6 என்ற பழுதின் எண் 216. வடிவமைப்பைத் திருத்தி வாய்ப்பை 2 ஆக்கினால் 108. வடிவமைப்பைத் தொடாமல் சோதனையைக் கூட்டிக் கண்டறிதலை 3 ஆக்கினாலும் 108. பொறியாளருக்கு இவை ஒன்றல்ல. தாளில் மட்டும் ஒன்று.

பெருக்கலை விட்டுவிட்டால் போதுமா என்றால், சேலஞ்சர் விண்ணோடம் அதற்கு எதிர்ச்சாட்சி. நாசா அங்கு விளைவை மட்டும் கொண்டு உறுப்புகளை வகுப்புகளாகப் பிரித்தது. திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையத்துக்கு மாற்றுக் காப்பு உண்டு என்ற கருத்து கைவிடப்பட்டு, 1982 டிசம்பரில் அந்த இணைப்பு மிக ஆபத்தான முதல் வகுப்பில் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே விதிவிலக்கு அளிக்கப்பட்டு, பறத்தல்கள் தொடர்ந்தன. 1986 ஜனவரி 28 அன்று குளிரில் விறைத்த வளையம் வாயுவைத் தடுக்கத் தவற, ஏழு பேர் உயிரிழந்தனர். பழுது முன்பே அடையாளம் காணப்பட்டிருந்தது, உச்ச இடமும் பெற்றிருந்தது. ஆனால் அதே வகுப்பில் நூற்றுக்கணக்கான உறுப்புகள் இருந்தன. அவற்றுள் எது அவசரம் என்று பட்டியல் பிரித்துக் காட்டவில்லை.

2019இல் அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் துறை அமைப்புகள் இணைந்து வெளியிட்ட கையேடு பெருக்கலைக் கைவிட்டது. அதற்குப் பதிலாகத் தீவிரத்தை முதலில் பார்த்து, பிறகு வாய்ப்பையும், கடைசியில் கண்டறிதலையும் பார்த்து, உயர், நடு, தாழ் என்று நடவடிக்கை முன்னுரிமை தரும் அட்டவணையை வைத்தது. அதன்படி மேற்சொன்ன பிரேக் பழுது உயர் முன்னுரிமையிலும் ஏசிப் பழுது தாழ் முன்னுரிமையிலும் அமைகின்றன. ஆயினும் அட்டவணைக்குள் செல்லும் மதிப்பெண்களைப் பழையபடி ஓர் அறையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்பவர்கள் அதே குழுவினர்தான்.