கதையெனும் கண்ணாடி

ஈகையும் பெருந்தன்மையும் ஒன்றே எனக் கொள்வது உலக வழக்கு. கையை விட்டுப் பொருள் நீங்கினால் அஃது ஈகை. நெஞ்சை விட்டு ‘நான்’ எனும் செருக்கு நீங்கினால் அன்றோ அது பெருந்தன்மை? முன்னதைக் கண்ணால் காணலாம், கணக்கில் எழுதலாம். பின்னதை அவ்வாறு அளந்தறிய இயலாது. வாரி வழங்கும் கைக்குப் பின்னால் இறுகிய நெஞ்சம் ஒன்று மறைந்திருத்தல் கூடும். இவ்வுண்மையைத் தெளிவுற விளக்கும் நூல் ஒன்று நம் குமரி மாவட்டத்து மண்ணிலிருந்தே தோன்றியுள்ளது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ என்னும் நாவலே அது.

தேங்காய்ப்பட்டணத்தில் 1944ஆம் ஆண்டு பிறந்து 2019ஆம் ஆண்டு மறைந்த மீரான், மலையாள வழியில் கல்வி கற்றவர். வணிகத்தைத் தொழிலாகக் கொண்டவர். ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்த இக்கதை 1988இல் நூலுருப் பெற்றது. பின்னர் 1997ஆம் ஆண்டு ‘சாய்வு நாற்காலி’ நாவலுக்காக அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். எனினும், உள்ளப் பண்புகளைப் பற்றி எண்ணுவோர் முதலிற் படிக்க வேண்டியது இந்த முதல் நாவலையே என்பது என் கருத்து.

கதை, நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய காலத்தில், திருவிதாங்கூர் ஆட்சியின் கீழிருந்த கடற்கரை ஊர் ஒன்றில் நிகழ்கிறது. வடக்கு வீட்டு அஹ்மதுக்கண்ணு முதலாளி அவ்வூரின் பெருஞ்செல்வர். பள்ளிவாசலிலும் அவர் சொல்லே சட்டம். அவர் தொழாதவர் அல்லர். தீனை மறுத்தவரும் அல்லர். வெளியூரிலிருந்து வந்த தங்ஙளைத் தலைமேல் வைத்துப் போற்றுகிறார். ஆனால் சுறாப்பீலி வணிகம் செய்து பிழைக்கும் மஹ்மூது நிமிர்ந்து நின்று ஒரு சொல் சொன்னால் அதை அவரால் பொறுக்க முடிவதில்லை. பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருகிறதென்றால் அதையும் பொறுக்க முடிவதில்லை. தம் மகள் வாழ்வைத் தீர்மானிக்கும் வேளையிலும் மகளின் மனத்தைவிடக் குடும்பத்தின் பெயரே அவருக்குப் பெரிதாகிறது.

இப்படிப்பட்டவரைக் கொடியவர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டால் கதையின் பயனை இழந்தவராவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலை நாற்பது பகுதிகளாக வகுத்து, பத்துப் பத்தாக நான்கு கூறாக்கினார்கள். மூன்றாம் கூறு, மனிதனை அழிவில் வீழ்த்தும் குணங்களைப் பற்றியது. அக்கூறின் இறுதிப் பகுதி ‘குரூர்’ எனப்படும் ஏமாற்றம், அதாவது தான் நல்லவன் என்று தன்னைத்தானே நம்பி ஏமாறுதல், பற்றிப் பேசுகிறது. அவ்வாறு ஏமாந்தவர்களுள், பள்ளிவாசல்களைக் கட்டி அவற்றில் தம் பெயரைப் பொறித்துக்கொள்ளும் செல்வர்களையும் இமாமவர்கள் சேர்த்துள்ளார்கள். ஆயினும் அந்த வரிசையில் முதலிடம் செல்வர்க்கன்று, கற்றறிந்தோர்க்கே என்பதை ஓதிக்கொடுக்கும் தொழிலில் இருக்கும் என் போன்றோர் மறந்துவிடலாகாது.

முதலாளியின் நோய் இதுதான். அவர் தம்மைத் தீனின் காவலராக உண்மையிலேயே நம்புகிறார். பெருமானார் (ஸல்) அவர்கள் பெருமை என்பதற்கு இரு அடையாளங்களை உணர்த்தினார்கள்: உண்மையை ஏற்க மறுத்தல் ஒன்று, மக்களை இழிவாகக் கருதுதல் மற்றொன்று. மஹ்மூதின் சொல்லைத் தள்ளுவதில் முதலாவதும், அவன் தொழிலையும் குடும்பத்தையும் தாழ்வாக நினைப்பதில் இரண்டாவதும் அஹ்மதுக்கண்ணு முதலாளியிடம் தெளிவாகத் தெரிகின்றன. இவ்வளவையும் ஆசிரியர் தாமே எடுத்துரைக்காமல், முதலாளியின் நடையிலும் பேச்சிலும் காட்டிவிடுகிறார். நாவலின் சிறப்பு அதில்தான் இருக்கிறது.

மதீனத்து அன்ஸாரிகளின் ‘ஈஸார்’ என்னும் பண்பைத் திருமறையின் ‘ஹஷ்ர்’ அத்தியாயம் போற்றுகிறது. தமக்கே தேவையிருந்தும் அவர்கள் பிறர்க்கு முதலிடம் தந்தார்கள். அதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. நாடு துறந்து வந்தவர்களை அவர்கள் இரவலராக்கவில்லை, சகோதரராக்கினார்கள். கொடுத்தவர் மேலென்றும் பெற்றவர் கீழென்றும் அங்கே நிலைகள் தோன்றவில்லை. வடக்கு வீட்டு முற்றத்திலோ, பெறுகிறவன் குனிந்தே நிற்க வேண்டும். கைக்கொடைக்கும் மனக்கொடைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இந்நாவல் நம் சமுதாயத்தின் குறைகளைப் பிறர் முன் விரித்துவைத்தது எனக் குறைபட்டுக்கொண்டோர் உண்டு. அவர்களுக்கும் இமாமவர்களிடமே விடை இருக்கிறது. தன் குறையைத் தானறிய நான்கு வழிகளை இஹ்யாவின் மூன்றாம் கூறில் அவர்கள் சொல்கிறார்கள்: ஞானாசிரியரிடம் ஒப்படைத்துக்கொள்ளுதல், உண்மையுரைக்கும் நண்பரைத் தேடிக்கொள்ளுதல், பகைவர் நாவிலிருந்து கற்றல், மக்களோடு கலந்து பிறரிடம் காணும் குறை தன்னிடம் உண்டா என நோக்குதல். இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் இந்நாவலில் ஒருங்கே கிடைக்கின்றன. முஃமின் முஃமினுக்குக் கண்ணாடி என்பதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முகத்தில் கரியிருந்தால் கண்ணாடியைச் சினப்பதால் என்ன பயன்?

நூலில் குறையில்லை என்பதன்று என் வாதம். தங்ஙள் பாத்திரத்தை ஆசிரியர் ஒரே நிறத்தில் தீட்டிவிட்டார். போலிகளைத் தோலுரித்தது சரியே. ஆனால் மெய்யான ஆசான் ஒருவரின் நிழல் அழுத்தமாக விழுந்திருக்குமாயின், அவ்வூர் எதை இழந்து நிற்கிறது என்பது இன்னும் ஆழமாக விளங்கியிருக்கும். நோயை இத்துணை நுணுக்கமாகக் காட்டிய நூல், மருந்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. கடற்கரை முஸ்லிம்களின் பேச்சு வழக்கும், மலையாளமும் அரபும் கலந்த சொற்களும் வெளியூர் வாசகரைச் சற்றே தடுக்கக்கூடும். ஆனால் அம்மொழியை நீக்கினால் அம்மக்களையே நீக்கியதாகும் என்பதால் அதனைக் குறையாக நான் கொள்ளவில்லை.

மருந்தைத் தேடுவோர்க்கு நம் மாவட்டத்திலேயே தக்கலை இருக்கிறது. அங்கே அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பா நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர். அவரது ‘ஞானப்புகழ்ச்சி’ ஆண்டுதோறும் ரஜபு மாதத்தில் ஓரிரவு முழுவதும் கூடி ஓதப்படுகிறது. இறைவனைப் புகழ்ந்து, தன்னைத் தாழ்த்தி, அவனிடமே இரந்து நிற்கும் நூல் அது. படைத்தவன் முன் இரவலனாக நின்றறிந்தவன், படைப்புகளின் முன் முதலாளியாக நிற்க நாணுவான். தாராள மனத்தின் வேர் அந்த நாணத்தில் இருக்கிறது. மீரானின் நாவலைப் படித்த கையோடு அப்பாவின் நூலையும் பொருளுணர்ந்து படிப்போர்க்கு நோயும் தெரியும், மருந்தும் தெரியும்.

வடக்கு வீட்டின் செல்வமும் மதிப்பும் கதையின் போக்கில் தேய்ந்துபோகின்றன. ஆனால் அக்குணம் அவ்வீட்டோடு தேய்ந்துவிடவில்லை. ஜமாஅத் கூட்டத்தில் எளியவர் ஒருவர் எழுந்து கணக்குக் கேட்கும்போது நம் முகம் சுருங்குகிறதா? உதவி பெற்ற உறவினர் மாற்றுக் கருத்துச் சொல்லும்போது, செய்த உதவி நம் நாவின் நுனிக்கு வருகிறதா? மகளின் மணப்பேச்சில் மகளிடம் கேட்பதற்கு முன் ஊர் என்ன சொல்லும் என்று கேட்கிறோமா? வாசக நேயர்கள் இந்நூலை வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடியிருந்து படிக்க வேண்டும். படித்து முடித்ததும், நம்மில் யாரிடத்தில் அஹ்மதுக்கண்ணு முதலாளி குடியிருக்கிறார் என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டும். அவர்கள் விரல் நம்மைச் சுட்டினால், சினவாமல் கேட்டுக்கொள்வதே பெருந்தன்மையின் முதற்பாடம்.